ஒரு சிரிஞ்சு, ஒரு தாம்பாளம் கடுகு: வாயுத் துகள்களை வீட்டிலேயே புரிந்துகொள்ளும் வழி

பருப்பொருளின் மூன்று நிலைகளை விளக்க, பாடநூல்களிலும் வகுப்பறைச் சுவர்களிலும் மூன்று பெட்டிகள் வரையப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். முதற்பெட்டியில் வட்டங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவதில் கொஞ்சம் விலகியிருக்கும். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் விலகிச் சிதறியிருக்கும். பார்த்த மாத்திரத்தில் மனத்தில் பதிந்துவிடும் இந்தப் படம், திரவம் என்பது திடப்பொருளுக்கும் வாயுவுக்கும் சரிபாதி வழியில் நிற்கும் ஒரு நிலை என்ற எண்ணத்தை ஊட்டிவிடுகிறது. அந்த எண்ணம் தவறானது. துகள்களின் இடைவெளியைப் பொறுத்தவரை திரவமும் திடப்பொருளும் ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள். வாயுவோ வேறு ஊர். இந்த ஒன்றைச் சரியாகப் பிடித்துக்கொண்டால், வாயு ஏன் அமுங்குகிறது, ஏன் பாத்திரம் முழுவதும் நிறைகிறது, ஏன் விரைவாகக் கலக்கிறது என்பவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிராது.

பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க விரும்பும் பெற்றோரும் ஆசிரியர்களும் வீட்டிலோ வகுப்பிலோ செய்து பார்க்கக்கூடிய சில எளிய சோதனைகளை இங்கே வரிசையாகத் தருகிறேன். ஊசி இல்லாத புதிய 10 மில்லி லிட்டர் சிரிஞ்சு ஒன்று, அகலமான தாம்பாளம், ஒரு கைப்பிடிக் கடுகு, கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கப்படும் அகர் அகர், கேசரிப் பவுடர், வெந்நீர் ஆகியவை போதும். இவற்றுள் ஒரு சோதனைக்கு நான்கு நாள் பிடிக்கும் என்பதால், அதை முதலில் தொடங்கி ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றுக்குப் போவோம்.

முதலில் தொடங்கி வைக்க வேண்டியது

அரை லிட்டர் நீரில் 5 கிராம் அகர் அகரைப் போட்டு, அது முழுவதும் கரையும்வரை கொதிக்கவிடுங்கள். சற்று ஆறியதும் உயரமான கண்ணாடித் தம்ளரில் முக்கால் அளவுக்கு ஊற்றி, அசையாமல் உறையவிடுங்கள். நன்றாக உறைந்த பிறகு, கேசரிப் பவுடரை அடர்த்தியாகக் கரைத்த நீரில் இரண்டு கரண்டி எடுத்து மேலே மெதுவாக ஊற்றி மூடிவிடுங்கள். நிறநீரும் கட்டியான அகரும் சந்திக்கும் கோட்டைத் தம்ளரின் வெளிப்புறத்தில் பேனாவால் குறித்து, நாள்தோறும் அதே நேரத்தில் நிறம் எதுவரை இறங்கியிருக்கிறது என்று குறித்து வாருங்கள். வெறும் நீரில் நிறத்தைச் சொட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நிறநீர் கனமானது என்பதால் அது நூல்நூலாகக் கீழே இறங்கும்; அது துகள்கள் தாமாக விரவுவது அன்று, நீர் மொத்தமாக ஓடுவது. அகர் கட்டியில் அந்த ஓட்டம் தடைப்படுகிறது. ஆனால் அதன் வலைப்பின்னலுக்குள் இருப்பது பெரும்பாலும் நீரே என்பதால், துகள்களின் விரவல் நீரில் நடப்பதைப் போலவே நடக்கிறது.

சிரிஞ்சு சொல்வது என்ன

சிரிஞ்சின் தண்டை 10 என்ற கோடுவரை இழுத்துக் காற்றால் நிரப்பி, முனையைக் கட்டைவிரலால் இறுக அடைத்துக்கொண்டு தண்டை அழுத்துங்கள். 5 என்ற கோடுவரை அதிகச் சிரமமின்றி இறங்கும். இந்த அளவுச் சிரிஞ்சின் உள்விட்டம் ஏறத்தாழ 15 மில்லி மீட்டர் இருக்கும். காற்றின் கன அளவைப் பாதியாக்க இன்னொரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அதற்குத் தண்டின் மேல் சுமார் 1.8 கிலோகிராம் எடை வைத்ததற்கு ஈடான விசை போதுமானது. ரப்பரின் உராய்வுக்காக இன்னும் கொஞ்சம் அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தம் இரு மடங்கானால் கன அளவு பாதியாகும் என்று ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதியை உங்கள் கட்டைவிரல் இப்போது உணர்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது தண்டை விடுங்கள். அது எகிறித் திரும்பும். ஏன் என்று பிள்ளைகளைக் கேட்டால், நெருக்கப்பட்ட துகள்கள் சுருள்வில்லைப் போல ஒன்றையொன்று தள்ளுகின்றன என்றே பெரும்பாலும் விடை வரும். அந்த விடைக்காக அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஒன்றையொன்று விலக்கும் துகள்கள் இருந்தால் பாயில் விதி கிடைக்கும் என்று நியூட்டனே 1687-இல் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். சரியான விளக்கத்தை 1738-இல் டேனியல் பெர்னூலி தந்தார்: துகள்கள் ஓயாமல் ஓடிச் சுவரில் மோதுவதே அழுத்தம். அறைவெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் உள்ள துகள்களின் எண்ணிக்கை, 25-ஐ எழுதி அதற்குப் பின்னால் 18 சுழியங்களைச் சேர்த்தால் கிடைப்பது. அவ்வளவு துகள்களையும் பாதி இடத்துக்குள் அடைத்தால், தண்டின் முகத்தில் ஒவ்வொரு நொடியும் விழும் மோதல்கள் இரு மடங்காகும். உங்கள் விரல் எதிர்கொள்வது அந்த மோதல்களையே.

அடுத்து, சிரிஞ்சை ஒரு குமிழிகூட இல்லாமல் நீரால் நிரப்பி அதே விசையுடன் அழுத்துங்கள். தண்டு அசையாது. உண்மையில் அது அசையவே இல்லை என்பதன்று: ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்போது 10 மில்லி லிட்டர் நீர் சுருங்குவது ஒரு துளியின் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான், அதைக் கண்ணால் காண முடியாது. பிறகு சிறு கூழாங்கற்கள் சிலவற்றைச் சிரிஞ்சுக்குள் போட்டு, மீதி இடத்தை நீரால் நிரப்பி அழுத்திப் பார்த்தால், கல்லுக்கும் நீருக்கும் வேறுபாடே தெரியாது. இந்த இடத்தில் சற்று நின்று பிள்ளைகளை யோசிக்கவிடுவது மிகவும் பயனுள்ளது. நீரின் துகள்கள் படத்தில் காட்டியதைப் போல விலகியிருந்தால், அந்த இடைவெளிக்குள் அவற்றை ஏன் நெருக்க முடியவில்லை? படத்தில் உள்ள பிழையை அவர்களே கண்டுபிடிக்கும் தருணம் இது.

ஒரு எச்சரிக்கை. திடப்பொருளுக்கு எடுத்துக்காட்டாகப் பஞ்சையோ ரொட்டியையோ ரப்பர் நுரையையோ எடுக்காதீர்கள். அவை அமுங்குவது அவற்றின் துளைகளில் உள்ள காற்று வெளியேறுவதால் அல்லது நெருங்குவதால். எழுதும் சுண்ணக்கட்டியிலும் துளைகள் உண்டு.

கடுகுக் கணக்கு

இனி இடைவெளியை அளவோடு காட்டலாம். காற்றில் உள்ள நைட்ரஜன் மூலக்கூறு ஒன்றின் விட்டம் சுமார் 0.37 நானோ மீட்டர். அறைவெப்பநிலையில் அடுத்தடுத்த மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள சராசரித் தொலைவு சுமார் 3.4 நானோ மீட்டர், அதாவது விட்டத்தைப் போல் ஒன்பது மடங்கு. ஒரு கடுகின் விட்டத்தை 2 மில்லி மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கடுகுக்குக் கடுகு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகியிருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள தாம்பாளத்தில் அப்படிப் பரப்பினால் 180 கடுகுகூடப் பிடிக்காது. அதே தாம்பாளத்தில் கடுகோடு கடுகு தொடும்படி ஒரே அடுக்காகப் பரப்பினால் பதினேழாயிரத்துக்கு மேல் தேவைப்படும். இந்த இரண்டாவது தாம்பாளம்தான் திரவம்: சற்றுச் சாய்த்தால் கடுகுகள் ஒன்றையொன்று தொட்டபடியே உருண்டு வழிந்து இடம் மாறும். அவற்றையே வரிசையாக ஒட்டி, இருந்த இடத்திலேயே நடுங்க மட்டும் விட்டால் அது திடப்பொருள். நடுக்கம் நிற்பதே இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். இரும்பின் துகளும் ஓயாமல் அதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது.

தாம்பாளம் தட்டையானது என்பதால் நூறு மடங்கு வேறுபாடு மட்டுமே தெரிகிறது. மேலும் கீழும் அதே விலகல் உண்டு என்று கணக்கிட்டால் வேறுபாடு ஆயிரம் மடங்கை நெருங்கும். 100 பாகை செல்சியசில் ஒரு மில்லி லிட்டர் நீர் ஆவியானால், சாதாரண அழுத்தத்தில் அது ஏறத்தாழ 1,600 மில்லி லிட்டர் இடத்தை எடுத்துக்கொள்கிறது. திடப்பொருள் உருகும்போது ஏற்படும் மாற்றமோ மிகச் சிறியது. பனிக்கட்டி உருகும்போது கன அளவு கூடுவதற்குப் பதிலாகக் குறையவே செய்கிறது, ஏனெனில் பனிக்கட்டியின் துகள்கள் உள்ளே வெற்றிடம் விட்டு அடுக்கப்பட்டவை. நீர் இதில் ஒரு விதிவிலக்கு. பாதி உருகிய தேங்காய் எண்ணெயைப் பாருங்கள்: உறைந்த பகுதி அடியிலேயே தங்கியிருக்கும், ஏனென்றால் அங்கே துகள்கள் திரவத்தைவிடக் கொஞ்சம் நெருக்கமாக உள்ளன. கொஞ்சம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

தாம்பாளத்தைக் காட்டிவிட்டுத் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காற்றின் துகள்களுக்கு இடையே இருப்பது என்ன? நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் தயங்காமல் காற்று என்று சொல்வார்கள். காற்று என்பதே அந்தத் துகள்கள்தாம். அவற்றுக்கு இடையே எதுவும் இல்லை. இந்த விடை எளிதில் மனத்தில் இறங்காது. நீங்கள் அவசரப்படாமல், இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மறுபடியும் கேளுங்கள்.

வேகம் பற்றிய தவறான எண்ணம்

வாயுத் துகள்கள் மிக வேகமாக ஓடுகின்றன, திரவத் துகள்கள் மெதுவாக ஓடுகின்றன என்ற வாக்கியம் எங்கும் காணப்படுகிறது. ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது அது உண்மையன்று. வெப்பநிலை என்பது துகள்களின் சராசரி இயக்க ஆற்றலின் அளவு. ஆகவே, அறைவெப்பநிலையில் தம்ளருக்குள் இருக்கும் நீர் மூலக்கூறும் அதற்கு மேலே ஆவியாக இருக்கும் நீர் மூலக்கூறும் நொடிக்குச் சுமார் 600 மீட்டர் என்ற ஒரே சராசரி வேகத்தில்தான் ஓடுகின்றன. வேறுபாடு, எவ்வளவு தூரம் தடையின்றி ஓட முடிகிறது என்பதில் உள்ளது. நீருக்குள் இருக்கும் மூலக்கூறு தன் விட்டத்தில் ஒரு சிறு பகுதித் தூரம் நகர்வதற்குள் பக்கத்து மூலக்கூறின் மேல் முட்டிக்கொள்கிறது. திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவர் எவ்வளவு துடிப்பாகக் காலெடுத்து வைத்தாலும் இடம்பெயர முடியாமல் தவிப்பதைப் போன்றது அது. காற்றின் மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே சராசரியாக 68 நானோ மீட்டர் ஓடுகிறது. கடுகுக் கணக்கில் அது 36 சென்டிமீட்டர், அதாவது முக்கால் முழம்.

அந்த 68 நானோ மீட்டரும் நம் கண்ணுக்கு எட்டாத சிறு தூரமே என்பதால் இன்னொரு புதிர் எழுகிறது. நைட்ரஜன் மூலக்கூறு நொடிக்குச் சுமார் 470 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால், ஒரு மூலையில் திறந்த அத்தரின் மணம் இமைப்பொழுதில் அறை முழுவதும் பரவிவிட வேண்டாமா? டச்சு வானிலை அறிஞர் பாய்ஸ் பாலட் இதே தடையைத்தான் எழுப்பினார். அதற்கு விடையாகவே 1858-இல் ருடால்ஃப் கிளாசியஸ், மோதல்களுக்கு இடைப்பட்ட சராசரித் தூரம் என்ற கருத்தை முன்வைத்தார். துகள் நேர்கோட்டில் ஓடுவதில்லை. நொடிக்கு எழுநூறு கோடி முறை மோதித் திசை மாறி, முன்னும் பின்னுமாக அலைகிறது. வேதியியல் ஆய்வகங்களில் செய்து காட்டப்படும் புரோமின் சோதனை இதை அழகாக மெய்ப்பிக்கிறது: காற்றை அகற்றிய குழாயில் திறந்துவிட்ட புரோமினின் செந்நிறம் உடனே முழுக் குழாயையும் நிறைக்கிறது, காற்றுள்ள குழாயில் அதே நிறம் மெதுவாக ஊர்ந்து ஏறுகிறது. புரோமின் நஞ்சு என்பதால் வீட்டில் இதைச் செய்யவே கூடாது.

இப்போது அகர் தம்ளரை எடுத்துப் பாருங்கள். சாயத்தைப் பொறுத்து அளவு மாறினாலும், முதல் நாளில் நிறம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். இரண்டு நாளில் 2 சென்டிமீட்டர் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். 2 சென்டிமீட்டருக்கு நான்கு நாள் ஆகும். இரு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம் என்ற இந்தக் கணக்கு, திசைதெரியாமல் அலையும் துகள்களின் கையொப்பம். அசைவற்ற காற்றில் விரவுதல் நீரில் நடப்பதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு விரைவானது. எனவே தம்ளரில் ஒரு நாள் பிடித்த 1 சென்டிமீட்டர், காற்றில் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். ஆனால் அதே நான்கு மடங்குக் கணக்கைப் போட்டால், 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவரை விரவுதல் ஒன்றினால் மட்டும் ஊதுபத்தியின் மணம் எட்டுவதற்கு ஏறத்தாழ ஒன்பது நாள் ஆகும். ஒரு நிமிடத்தில் எட்டிவிடுகிறதே என்றால், அதைச் சுமந்து வருவது அறையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் காற்றோட்டம். ஊதுபத்தியை விரவுதலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லும் வழக்கம் வேரூன்றிப் போயிருந்தாலும், அதைக் கைவிடுவதே நேர்மையான கற்பித்தல் என்று கருதுகிறேன். திடப்பொருளிலும் விரவுதல் உண்டு, ஆனால் மிக மிக மெதுவாக: ஈயத்துக்குள் தங்கம் விரவுவதை ராபர்ட்ஸ்-ஆஸ்டன் 1896-இல் அளந்து காட்டினார்.

சிரிஞ்சுக்குள் கொதிக்கும் நீர்

நீரைக் கொதிக்கவைத்து, கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலாக, ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ்வரை ஆறவிடுங்கள். முன்பே கொதித்த நீராக இருப்பது முக்கியம், ஏனெனில் அதில் கரைந்திருந்த காற்று பெரும்பாலும் வெளியேறியிருக்கும். பெரியவர் ஒருவர் அதில் 3 மில்லி லிட்டரைக் குமிழியின்றிச் சிரிஞ்சில் எடுத்து, முனையை அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னோக்கி வலுவாக இழுத்தால், நீர் கண்ணெதிரே கொதிக்கும். அந்த வெப்பநிலையில் நீர் கொதிக்க, வளிமண்டல அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கே போதும். தண்டை விட்டதும் குமிழிகள் ஏறக்குறைய முழுவதும் மறைந்துவிடும். எஞ்சி நிற்கும் சிறு குமிழி காற்று, மறைந்தவை நீராவி. கொதிக்கும் நீரின் குமிழிகளில் காற்று இருக்கிறது என்றோ, நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது என்றோ நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடையாது. இட்லிப் பானையின் மூடியோரத்தில் வெள்ளையாகப் புகைவது நீராவி அன்று, குளிர்ந்து மீண்டும் திரவமான நுண்துளிகள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வாயு நிலையில் உள்ள நீர், ஆவி வெளிவரும் இடத்தை ஒட்டி நிறமற்றுத் தெரியும் சிறு இடைவெளியில் இருக்கிறது.

துகள்களைப் பிரித்தெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை வெப்ப அளவுகள் காட்டுகின்றன. ஒரு கிலோகிராம் பனிக்கட்டியை உருக்க 334 கிலோ ஜூல் போதும். அந்த நீரை 0 பாகையிலிருந்து 100 பாகைவரை சூடாக்க ஏறத்தாழ 419 கிலோ ஜூல் வேண்டும். அதே வெப்பநிலையில் அதை ஆவியாக்கவோ 2,257 கிலோ ஜூல் தேவை. உருகும்போது துகள்கள் அடுக்கிலிருந்து கழன்று நழுவத் தொடங்குகின்றன, அவ்வளவுதான். ஆவியாகும்போது ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றியுள்ள எல்லாத் துகள்களின் ஈர்ப்பையும் அறுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். இடைவெளியில் கண்ட அதே பெரும் பள்ளம் ஆற்றலிலும் தெரிகிறது.

ஈர்ப்பு வாயுவிலும் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. சமையல் எரிவாயு உருளைக்குள் அழுத்தத்தில் இருப்பது பெரும்பாலும் திரவமே. வெளியே வரும்போது அது சுமார் 250 மடங்கு விரிகிறது. நெருக்கமாகக் கொண்டுவந்தால் அந்தத் துகள்களின் ஈர்ப்பு வென்றுவிடுகிறது. எல்லா வாயுவையும் இப்படி அமுக்கியே திரவமாக்கிவிட முடியுமா என்ற கேள்விக்கு, 1869-இல் பெல்ஃபாஸ்டில் தாமஸ் ஆண்ட்ரூஸ் விடை கண்டார்: கார்பன் டை ஆக்சைடு 31 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால், எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது. அந்த வெப்பநிலைக்கு மேல் துகள்களின் ஓட்டத்தை ஈர்ப்பால் கட்ட முடிவதில்லை. ஈர்ப்பு மிகவும் மெலிந்த ஹீலியத்தைத் திரவமாக்க, கமர்லிங் ஓன்ஸ் 1908-இல் அதைத் தனிச் சுழிக்கு, அதாவது இருக்கக்கூடிய மிகத் தாழ்ந்த வெப்பநிலைக்கு, ஏறத்தாழ 4 பாகை மேலே உள்ள அளவுவரை குளிர்விக்க வேண்டியிருந்தது.

மீண்டும் மூன்று பெட்டிகள்

சோதனைகள் முடிந்த பின், பிள்ளைகளையே மூன்று பெட்டிகளையும் புதிதாக வரையச் சொல்லுங்கள். வட்டங்களின் அளவு மூன்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்; சூடேறினால் துகள் பெருக்காது, உருகினால் துகள் உருகாது. திடப்பொருளின் பெட்டியில் வரிசையாக, தொட்டபடி. திரவத்தின் பெட்டியில் வரிசை குலைந்து, ஆனால் பெரும்பாலும் தொட்டபடி, அடிப்பகுதியை நிறைத்து, மேலே ஒரு மட்டத்துடன். வாயுவின் பெட்டி சிறியதாக இருந்தால் அதில் ஒரே ஒரு வட்டம்தான் இடம்பெற வேண்டும் என்று யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். கடுகுக் கணக்கின்படி அது சரியே, அப்படியே வரையவிடுங்கள். திரவப் பெட்டியின் மட்டத்துக்கு மேல் உள்ள வெற்றிடத்தில் இரண்டொரு வட்டங்களைச் சேர்க்க வேண்டுமா என்று கேட்டால், பெட்டி மூடியிருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். மூடியிருந்தால், நீரிலிருந்து வெளியேறும் துகள்களும் நீருக்குள் திரும்பும் துகள்களும் ஒரே எண்ணிக்கையில் இருக்கும் நிலை ஏற்பட்டு, அங்கே சில வட்டங்கள் எப்போதும் இருக்கும். திறந்திருந்தால், நாளைக்குள் கீழே உள்ள வட்டங்களின் மட்டமும் சற்றுத் தாழ்ந்திருக்கும்.